பிரிண்டர் ஓடாத காலை: அலுவலக நெட்வொர்க்கைக் காப்பதில் ஊழியரின் பங்கு பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினித் துறையைச் சாராதவர்கள் எழுதியவை. கணக்கு எழுதுபவர், மருத்துவமனையில் பில் போடுபவர், கிடங்கில் இருப்புப் பதிவேடு பார்ப்பவர் எனப் பலரும் ஏறத்தாழ ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் ஃபயர்வால் இருக்கிறது, ஆன்டிவைரஸுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம், ஐ.டி. பிரிவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதற்கு மேல் நெட்வொர்க்கைக் காப்பதில் கணக்காளரான எனக்கு என்ன வேலை?
– ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

வெளியிலிருந்து வரும் ஊடுருவலைத் தடுக்கும் ஃபயர்வாலால் செய்ய முடியாத ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. நாள்தோறும் நீங்கள் கையாளும் மென்பொருளில், கணக்கில், அஞ்சலில் ஏதேனும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது முதலில் உங்கள் கண்ணில்தான் படும். ஐ.டி. பிரிவினருக்கு உங்கள் வேலையின் வழக்கம் தெரியாது. வழக்கம் தெரியாதவருக்கு மாற்றமும் தெரியாது.

2016 பிப்ரவரி 5 ஒரு வெள்ளிக்கிழமை; வங்கதேசத்தில் வார விடுமுறை நாள். டாக்காவிலுள்ள அந்நாட்டு மத்திய வங்கியில், வங்கிகள் தமக்குள் பணக் கட்டளைகளை அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக நடக்கும் பணப் பரிமாற்றங்களின் விவரத்தைத் தானாகவே அச்சிட்டுக்கொண்டிருக்க வேண்டிய பிரிண்டர் அன்று காலை ஓடவில்லை. பிரிண்டர் மக்கர் செய்யாத அலுவலகம் உண்டா என்று பணியிலிருந்தவர்கள் அதை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். உண்மையில், முந்தைய இரவே திருடர்கள் அவ்வங்கியின் பெயரில், அதன் கணக்கு இருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு ஏறத்தாழ 95 கோடி டாலருக்கான கட்டளைகளை அனுப்பிவிட்டு, அதன் தடயம் தாளில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய், அங்கிருந்த சூதாட்ட விடுதிகள் வழியாகப் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அந்தத் திருடர்கள் உள்ளே நுழைந்ததற்கான வழியை அமெரிக்க நீதித்துறை 2018இல் வெளியிட்ட குற்றச்சாட்டு ஆவணம் விவரிக்கிறது: ஒரு வருடம் முன்னதாகவே, வேலை தேடுபவர் ஒருவர் எழுதியதைப் போன்ற பணிவான மின்னஞ்சல் வங்கி ஊழியர்களுக்கு வந்திருந்தது. தன்விவரக் குறிப்பைத் தரவிறக்கிப் பார்க்கும்படி அது கேட்டுக்கொண்டது.

இந்தக் கதையின் மறுபாதி இலங்கையில் நடந்தது. 2 கோடி டாலர் அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. கட்டளையில் ‘ஃபவுண்டேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு ‘ஃபண்டேஷன்’ என்று இருந்ததால், இடையில் நின்ற டாய்ச்சு வங்கி விளக்கம் கேட்டது. இலங்கையின் பான் ஏசியா வங்கியிலும் தொகையின் அளவைப் பார்த்து ஐயம் எழுந்தது. அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது. டாக்காவில் யாரும் பொருட்படுத்தாத பிரிண்டருக்கும், இலங்கைக்குப் போன கட்டளையில் யாரோ உற்றுப் பார்த்த ஓர் எழுத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் கேள்விக்கான பதில்.

நம் ஊர் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில், துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களிலுள்ள கணக்குகளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மதிப்பில் மூன்று கள்ளப் பரிமாற்றக் கட்டளைகள் சென்றன. அங்கும் ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது. ஆனால் மறுநாள் வழக்கமான கணக்குச் சரிபார்ப்பின்போதே அது வெளிப்பட்டுவிட்டதால், ஒரு பரிமாற்றம் உடனடியாகத் தடுக்கப்பட்டது. மற்றவற்றை மீட்கும் முயற்சிகளும் தாமதமின்றித் தொடங்கின. கணக்கைச் சரிபார்ப்பது யாருடைய வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் பல ஆண்டுகளாகச் சரக்கு வாங்கும் நிறுவனத்திடமிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கே பணம் அனுப்பவும்’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. லெட்டர்ஹெட், முத்திரை, கையொப்பம் எல்லாம் சரியாக இருக்கின்றன. நம்பலாமா?
– பம்பு தயாரிப்பு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு அலுவலர், கோயம்புத்தூர்

தொலைபேசியில் பேசி உறுதிசெய்யும்வரை நம்பக் கூடாது. பேசும்போதும் அந்த மின்னஞ்சலில் தரப்பட்டுள்ள எண்ணை அழைக்காதீர்கள். பழைய பில்லிலோ உங்கள் பதிவேட்டிலோ உள்ள எண்ணையே அழையுங்கள். அஞ்சலைப் பொய்யாகத் தயாரிப்பவருக்கு அதன் அடியில் தன் எண்ணைப் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

லெட்டர்ஹெட்டும் முத்திரையும் எதையும் நிரூபிப்பதில்லை. உங்களுக்கோ அந்த நிறுவனத்துக்கோ சொந்தமான அஞ்சல் பெட்டிக்குள் ஒருவர் ஏற்கெனவே புகுந்து, பல வாரங்கள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்து, பெரிய பில் ஒன்றுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கும்போது நடுவில் நுழைவதே இந்த மோசடியின் வழக்கமான முறை. ஆகவே அவர்களிடம் உண்மையான பில்லின் நகலே இருக்கும். அனுப்பியவரின் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்து ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் திரையில் வேறுபாடு தெரியாது. முகவரி முற்றிலும் சரியாக இருந்தாலும் அஞ்சல் பெட்டியே களவுபோயிருக்கலாம் என்பதால், தொலைபேசி அழைப்பைத் தவிர்க்க வழியில்லை.

முதலாளியே பேசினால் என்ன செய்வது என்று கேட்கலாம். பிரிட்டனைச் சேர்ந்த அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவருக்கு 2024இல் அதுதான் நேர்ந்தது. ரகசியமான பணப் பரிமாற்றம் பற்றி வந்த மின்னஞ்சலை அவர் முதலில் சந்தேகித்தார். பிறகு நடந்த வீடியோ கூட்டத்தில் நிதித்துறைத் தலைவரும் சக ஊழியர்களும் முகம் காட்டிப் பேசியதால் சந்தேகத்தைக் கைவிட்டு, 15 தவணைகளில் ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். அவருக்கு முதலில் எழுந்த ஐயம் சரியானது; அதை மற்றொருவரிடம் சொல்லிக் கேட்கும் வழக்கம்தான் இல்லாமல் போயிற்று. ‘ரகசியம்’, ‘அவசரம்’ என்னும் இரண்டு சொற்களும் ஒரே அஞ்சலில் வந்தால், எழுந்துபோய்ப் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே உங்கள் வங்கிக்கும், தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் தெரிவியுங்கள். திருடர்கள் அதை வேறு கணக்குகளுக்கு மாற்றுவதற்கு முன்பு சொன்னால்தான் முடக்க முடியும்.

எங்கள் அலுவலகத்தில் 45 நாட்களுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். நினைவில் வைக்க முடியாமல், மாதத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வருகிறேன். இது தவறா?
– காப்பீட்டு நிறுவன ஊழியர், சென்னை

தவறுதான், ஆனால் பாதித் தவறு அந்த விதியை வகுத்தவர்களுடையது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம், திருடப்பட்டதற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று கூறிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் நீங்கள் செய்வதைத்தான் செய்வார்கள். உங்கள் நிறுவனத்தின் விதி மாறும்வரை அதற்குக் கட்டுப்படத்தான் வேண்டும். ஆனால் மாதப் பெயரைக் கைவிட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். உங்கள் பாட்டியின் வீட்டுத் திண்ணை, ஒரு மீனின் பெயர், பழைய பேருந்தின் தடம் எண் என்று நீங்கள் மட்டுமே கோக்கக்கூடிய வரிசையை எந்த நிரலும் எளிதில் ஊகிக்காது. பாஸ்வேர்டுகளை உங்களுக்காகப் பத்திரமாகச் சேமித்துவைக்கும் மென்பொருளான பாஸ்வேர்டு மேனேஜரை நிறுவனம் தந்தால் அதுவே மேல்.

அதைவிட முக்கியமானது, அலுவலக பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாதிருப்பது. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம் பல நாட்கள் குழாயை மூட நேர்ந்தது. திருடர்களுக்கு ஏறத்தாழ 44 லட்சம் டாலர் கொடுக்கவும் நேர்ந்தது. உள்ளே நுழையும் வாசலாக இருந்தது வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைவதற்கான, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு வி.பி.என். கணக்கு. அதன் பாஸ்வேர்டு வெளியே கசிந்திருந்தது. பாஸ்வேர்டுக்குப் பின் கைப்பேசி போன்ற ஒன்றில் கேட்கப்படும் இரண்டாவது சரிபார்ப்பும் அதற்கு இல்லை. உங்கள் பிரிவிலிருந்து வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கு இன்னும் திறக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் ஐ.டி. பிரிவுக்குச் சொல்லுங்கள். அவர் போனது உங்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குப் பல சமயம் தெரியாது.

இரண்டாவது சரிபார்ப்பு இருந்தாலும் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கைப்பேசிக்கு, ‘உள்நுழைவது நீங்கள்தானா?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டார். நீங்கள் உள்நுழையாதபோது வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பொருள்தான்: உங்கள் பாஸ்வேர்டு இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. ‘இல்லை’ என்று அழுத்தியதோடு வேலை முடியவில்லை. உடனே தெரிவிக்க வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இணையத்துக்கு ஒரு கணினியும், உள் வேலைக்கு இணையமில்லாத மற்றொரு கணினியும் தந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பென் டிரைவில் கோப்புகளைக் கொண்டுபோகிறோம். இணையமே இல்லாத கணினிக்கு என்ன ஆபத்து?
– பொதுத்துறை நிறுவன எழுத்தர், நாகர்கோவில்

உங்கள் பக்கத்து ஊரிலேயே அந்தப் பிரிவினையின் பயனைக் காட்டிய நிகழ்ச்சி நடந்திருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் (மால்வேர்) இருந்ததாக 2019 அக்டோபரில் செய்தி பரவியபோது, முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தங்களுக்குத் தெரிவித்துவிட்டதாகவும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு பயனரின் கணினி என்றும், அது முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது என்றும் கழகம் விளக்கியது. பிரிவினை இருந்ததால் பாதிப்பு நிர்வாகப் பக்கத்தோடு நின்றது.

அந்தப் பிரிவினையைத்தான் உங்கள் சட்டைப் பையிலுள்ள பென் டிரைவ் நாள்தோறும் அழித்துக்கொண்டிருக்கிறது. இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணு எரிபொருள் ஆலைக்குள் ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் புகுந்தது யு.எஸ்.பி. வழியாகத்தான் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அது 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் பிரிண்ட் எடுத்து வந்த பென் டிரைவைத் திறந்தால், கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருப்பதைப் பார்க்காத அலுவலக ஊழியர் தமிழ்நாட்டில் குறைவு.

கோப்புகளை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அலுவலகமே தந்த, அலுவலகத்தை விட்டு வெளியே போகாத, ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படும் ஒரு டிரைவைக் கேட்டு வாங்குங்கள். கண்டெடுத்த பென் டிரைவைச் சொருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே போட்டுவைத்த 297 டிரைவ்களில், குறைந்தது 45 விழுக்காட்டில் உள்ள கோப்புகளை யாரோ திறந்து பார்த்திருந்தார்கள். பலர் உரியவரிடம் சேர்க்கும் நல்லெண்ணத்தில்தான் திறந்தார்களாம்.

அப்டேட் செய்யச் சொல்லி கணினி கேட்டுக்கொண்டே இருக்கிறது. பில்லுக்காக நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது எப்படி ரீஸ்டார்ட் செய்வது? தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.
– தனியார் மருத்துவமனை ஊழியர், மதுரை

வரிசை நிற்கும்போது செய்ய வேண்டாம். பணி முடிந்து எழும்போது செய்யுங்கள். கணினியை நிறுத்தாமல் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கத்தால்தான் பல அப்டேட்டுகள் முடிவடையாமல் கிடக்கின்றன.

மருத்துவமனை என்பதால் இதைச் சொல்கிறேன். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்னும் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் 236 அரசு மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டதன் விலை அது. ஒரு கணினியில் நுழைந்த நிரல் யாரும் எதையும் தொடாமலேயே நெட்வொர்க் வழியாகப் பக்கத்துக் கணினிக்குத் தாவியது என்பதையும் கவனியுங்கள். உங்கள் பில் கணினி ஸ்கேன் அறையின் கணினிக்கும் அண்டை வீடுதான். டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 அன்று தாக்கப்பட்டபின், பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் காகிதத்தில் எழுதிச் சமாளித்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

உங்கள் கணினியில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இணையதளத்துக்கு நடுவே துள்ளி எழுந்து ‘உடனே அப்டேட் செய்’ என்று கத்தும் பெட்டி மட்டும் வேறு வகை. அதை அழுத்தாதீர்கள்.

வருமான வரித்துறை அனுப்பியதாக நினைத்து ஒரு இணைப்பை அழுத்தி, அலுவலக பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். இரண்டு நாட்களாகிறது. மேலாளரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், போதுமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

போதாது, அம்மா. இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாஸ்வேர்டை மாற்றியது நல்லதுதான். ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே உள்ளே நுழைந்தவர், உங்களுக்கு வரும் அஞ்சல்களின் நகல் தனக்கும் வரும்படி ஒரு விதியை அமைத்திருக்கலாம். உங்கள் பெயரில் மற்றவர்களுக்கும் அதே இணைப்பை அனுப்பியிருக்கலாம். இவற்றை ஐ.டி. பிரிவினரால்தான் முழுமையாகப் பார்க்க முடியும். அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அவர்களுக்கு அதுதான் தடயம். இணைப்பிலிருந்து ஏதேனும் கோப்பு இறங்கியிருந்தால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். ஆனால் கணினியை நிறுத்தாமல் அப்படியே விட்டுவைத்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் நிறுத்தினால் போய்விடும்.

மேலாளரிடம் சொல்லும்போது மன்னிப்பில் தொடங்க வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கணினி, எதை அழுத்தினேன், எதைத் தட்டச்சு செய்தேன் என்னும் ஐந்தையும் முதலில் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மேலாளர்களுக்கும் ஒன்று. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணையின்படி, இத்தகைய சம்பவங்கள் நிறுவனத்தின் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊழியர் 48 மணி நேரம் வாய் திறக்கப் பயப்படும் அலுவலகத்தில் அந்த 6 மணி நேரம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். தானே முன்வந்து சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்ட ஓர் அலுவலகத்தை நான் அறிவேன். அதன்பின் அங்கே சந்தேக அஞ்சல் பற்றி ஒரு தகவல்கூட வரவில்லை. ஊழியர்கள் திருந்திவிட்டார்கள் என்று நிர்வாகம் மகிழ்ந்துகொண்டிருந்தது.

எங்களிடம் இருபது பேர்தான் வேலை செய்கிறார்கள். ஐ.டி. பிரிவு கிடையாது, ஒரு தம்பி மாதம் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். இந்த வாரமே செய்யக்கூடியது என்ன?
– உதிரி பாக நிறுவன உரிமையாளர், ஓசூர்

ஊழியர்களைக் கூட்டி அரை மணி நேரம் பேசுங்கள். டேலி கணக்கின் நகல் எங்கே இருக்கிறது, அது எப்போதும் கணினியோடு இணைந்த டிஸ்க்கிலா அல்லது கழற்றி வைக்கப்பட்டதிலா என்று கேளுங்கள். இணைந்தே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிறார்களா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் தொலைபேசியில் உறுதிசெய்யாமல் பணம் போகாது என்பதை உங்களுக்கும் பொருந்தும் விதியாக வையுங்கள்; நீங்களே அழைத்து அவசரப்படுத்தினாலும் அவர்கள் மறுக்கலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

பிறகு அந்தத் தம்பியின் எண், உங்கள் எண், வங்கிக் கிளையின் எண், 1930 ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிவையுங்கள். எண்கள்தான் எக்செல் கோப்பில் இருக்கின்றனவே என்று யாராவது சொல்வார்கள். கணினிகள் பூட்டிக்கொண்ட காலையில் அந்தக் கோப்பு திறக்காது.